எந்த உடல், எந்த ஆபத்து: கடல் பாலூட்டிகளின் பாதிப்புநிலை குறித்து

1. கேள்வி

1741ஆம் ஆண்டின் இறுதியில் விட்டஸ் பெரிங்கின் கப்பல் வட பசிபிக்கின் கமாண்டர் தீவுகளில் கரைதட்டியது. அதில் வந்த இயற்கையியலாளர் கியோர்க் ஸ்டெல்லர், கரையோரக் கடற்பாசியை மேய்ந்து வாழ்ந்த ஒரு பெருவிலங்கைப் பற்றி விரிவாக எழுதிவைத்தார். அது எட்டு மீட்டர் நீளம் வரை வளர்ந்தது, மெதுவாக நகர்ந்தது, முழுவதும் நீருக்குள் அமிழ முடியாத மிதவை உடல் கொண்டிருந்தது. பின்னாளில் ஸ்டெல்லர் கடற்பசு எனப் பெயர் பெற்ற அந்த இனம் 1768க்குள் பூண்டோடு அழிந்தது. அறிவியல் அதைக் கண்டு 27 ஆண்டுகளே ஆகியிருந்தன.

அத்தீவுகளுக்கு வேட்டைக்காரர்கள் கடற்பசுவைத் தேடி வரவில்லை. அவர்களுக்கு வேண்டியது கடல் நீர்நாயின் தோல். கடற்பசு அவர்களுடைய உணவு மட்டுமே. விலை முழுவதும் நீர்நாயின் தலைமீது இருந்தும் அவ்வினம் பிழைத்தது. 1911ஆம் ஆண்டின் பன்னாட்டு ஒப்பந்தம் பாதுகாப்புத் தரும்வரை, சிதறிய சிறு கூட்டங்களாகத் தாக்குப்பிடித்தது. ஒரே கடலில், ஒரே மனிதர்களின் கையில், ஓரினம் அழிந்தது, ஓரினம் எஞ்சியது.

இந்த வேறுபாட்டில் உயிரியலுக்குப் பங்கு உண்டு என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். அந்தப் பங்கு எத்தகையது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. சில இனங்கள் இயல்பிலேயே நலிந்தவை, ஆகவே அழிகின்றன என்று சொல்வது ஒரு விளக்கம். ஓர் உடற்பண்பு தன்னளவில் வலிமையும் அல்ல, நலிவும் அல்ல, ஒரு குறிப்பிட்ட மனிதச் செயலைச் சந்திக்கும் இடத்தில்தான் அது நலிவாகிறது என்பது மற்றொரு விளக்கம். இரண்டாவதே சான்றுகளோடு கூடுதலாகப் பொருந்துகிறது என்பதும், பாதுகாப்பு முயற்சிகள் அந்தச் சந்திப்பு இடத்தையே குறிவைக்க வேண்டும் என்பதும் இங்கே முன்வைக்கப்படும் வாதம்.

2. இதுவரையிலான புரிதல்

இத்துறையில் பரவலாக எடுத்தாளப்படும் ஆய்வு, ஆனா டேவிட்சனும் சக ஆய்வாளர்களும் 2012இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வெளியிட்டது. கடல் பாலூட்டிகளின் அழிவு அபாயத்தை எந்தக் காரணிகள் முன்னறிவிக்கின்றன என்று கணினி மாதிரிகளின் துணையோடு அவர்கள் ஆராய்ந்தார்கள். ஓரினம் எவ்வளவு வேகமாகக் குட்டி ஈனுகிறது என்பதே மிக முக்கியமான காரணி என்று தெரியவந்தது. குறுகிய வாழிடப் பரப்பும் சிறிய கூட்டமும் அபாயத்தைக் கூட்டின. ஒட்டுமொத்தத்தில், புறக்காரணிகளைவிட இனத்தின் உள்ளார்ந்த பண்புகளே அபாயத்தைச் சிறப்பாக முன்னறிவிப்பதாக முடிவு எழுதினார்கள். கடல் பாலூட்டிகளில் 37 விழுக்காடு அபாயத்தில் இருப்பதாகவும் அவர்களுடைய மாதிரி கணித்தது.

இந்த ஆய்வின் பயன் பெரிது. தரவு போதாமல் வகைப்படுத்தப்படாத இனங்கள் அக்காலத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு. அவற்றுள் எவற்றைக் குறித்து முதலில் கவலைப்பட வேண்டும் என்று சொல்ல ஒரு வழி கிடைத்தது. ஆயினும் இரண்டு எச்சரிக்கைகளோடு அதன் முடிவை வாசிக்க வேண்டும்.

முதலாவது, அபாயத்தை அளக்கும் கோல் பற்றியது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல், எண்ணிக்கைச் சரிவைப் பத்து ஆண்டுகள் அல்லது மூன்று தலைமுறைகள், இவற்றுள் எது நீண்டதோ அதில் கணக்கிடுகிறது. வாழிடப் பரப்பின் சிறுமையும் பட்டியலின் அளவுகோல்களில் ஒன்று. ஆகவே தலைமுறை நீண்ட, பரப்புக் குறுகிய இனங்கள் அபாயப் பட்டியலில் இடம்பெறும் வாய்ப்பு, அளவுகோலின் அமைப்பிலேயே ஓரளவு பொதிந்துள்ளது. விளைவும் காரணியும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கையில் உள்ளார்ந்த பண்பின் பங்கு கூடித் தெரியக்கூடும்.

இரண்டாவது எச்சரிக்கை இன்னும் அடிப்படையானது. எந்த இனம் அபாயத்தில் உள்ளது என்று முன்னறிவிப்பது வேறு, எதனால் அது சாகிறது என்று விளக்குவது வேறு. மெதுவாக ஈனுவது எந்த விலங்கையும் கொல்வதில்லை. கொல்வது வலை, கப்பல், ஒலி, நஞ்சு ஆகியவை. குட்டி ஈனும் வேகம், அந்தச் சாவுகளை இனம் ஈடுகட்ட முடியுமா என்பதைத் தீர்மானிக்கிறது.

இங்கிருந்து ஒரு பாகுபாடு பிறக்கிறது. ஆபத்தை எங்கே, எப்படிச் சந்திக்க நேர்கிறது என்பதை முடிவுசெய்பவை ஒருவகைப் பண்புகள்: மூச்சுக்கு மேலே வருதல், மிதவை, செவிப்புலன், உணவுமுறை, கொழுப்பு. இவற்றைச் சந்திப்புப் பண்புகள் எனலாம். நேர்ந்த இழப்பிலிருந்து மீள்வதை முடிவுசெய்பவை மற்றொரு வகை: முதிர்ச்சி வயது, ஈனும் இடைவெளி, ஆயுள். இவை மீட்சிப் பண்புகள். பொது விவாதங்களில் இவ்விரண்டும் ஒன்றாகக் குழம்புகின்றன. பிரித்துப் பார்த்தால் மனிதப் பொறுப்பு எங்கே இருக்கிறது என்பது தெளிவாகும். அடுத்துவரும் மூன்று பகுதிகள் சந்திப்புப் பண்புகளையும், ஆறாம் பகுதி மீட்சிப் பண்புகளையும் ஆராய்கின்றன.

3. மூச்சும் வலையும்

கடல் பாலூட்டிகள் அனைத்துக்கும் பொதுவான பண்பு நுரையீரல் சுவாசம். கோடிக்கணக்கான ஆண்டுகளாக அது அவற்றுக்கு இடையூறாக இருக்கவில்லை. நைலான் செவுள்வலை வந்தபின், நீருக்கடியில் சில நிமிடம் சிக்கிக்கொள்வதே மரணமாயிற்று. மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவில் மட்டும் வாழும் வாகிடா என்ற ஒன்றரை மீட்டர் விலங்கை யாரும் வேட்டையாடவில்லை. டோட்டோவாபா என்ற மீனுக்காக விரித்த செவுள்வலைகளில் மூழ்கியே அது அழிவின் விளிம்புக்கு வந்தது. 1997ஆம் ஆண்டு மதிப்பீட்டில் ஏறத்தாழ 570ஆக இருந்த எண்ணிக்கை, இன்று விரல்விட்டு எண்ணும் நிலையில் உள்ளது.

மூச்சு எல்லா இனங்களுக்கும் பொது என்றாலும் வலையை உணரும் திறன் இனத்துக்கு இனம் மாறுகிறது. இதைக் காட்டும் நல்ல சான்று, வலையில் கட்டப்படும் எச்சரிக்கை ஒலிக்கருவிகள். ஹார்பர் போர்பாய்ஸ் என்ற சிறு விலங்கு, எதிரொலி கொண்டு வழி அறிவது, புதிய ஒலியைக் கேட்டால் விலகிச் செல்வது. 1997இல் நேச்சர் இதழில் வெளியான மெய்ன் வளைகுடாச் சோதனையில், ஒலிக்கருவி இயங்காத வலைகளில் 25 போர்பாய்ஸ்கள் சிக்கின, இயங்கிய வலைகளில் சிக்கியவை இரண்டே. இந்த வெற்றியை நம்பி அதே கருவியை, ஸ்டெல்லர் கடற்பசுவின் இன்றும் வாழும் உறவினமான கடற்பசுக்களுக்கும் பரிந்துரைக்கலாம் என்று தோன்றும். கடற்பசுவுக்கு எதிரொலி அறியும் திறன் இல்லை. ஆஸ்திரேலியாவின் மோர்ட்டன் விரிகுடாவில் நடந்த சோதனைகளில் ஒலிக்கருவிகள் கடற்பசுக்களின் நடத்தையைக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றவில்லை. ஆபத்து ஒன்றே, வலை. உடல் வேறாகும்போது தீர்வும் வேறாகிறது. கடல் பாலூட்டிகள் என்று எல்லாவற்றையும் சேர்த்து ஒரே திட்டம் வகுப்பதன் குறை இங்கே வெளிப்படுகிறது.

4. மிதவையும் கப்பலும்

வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலம் கரையை ஒட்டி, நீரின் மேற்பரப்பில், மெதுவாக நீந்துகிறது. தடித்த கொழுப்பினால் அதன் உடல் எளிதில் மிதக்கிறது. பாய்மர வேட்டைக்காலத்தில் இப்பண்புகளே அதை முதல் இலக்காக்கின. துரத்திப் பிடிப்பது எளிது, செத்த உடல் அமிழாது. 1935இல் வேட்டை தடைசெய்யப்பட்டது. ஆனால் அந்த உடல் இப்போது வேறிரு கருவிகளைச் சந்திக்கிறது. கப்பலின் பாதையிலிருந்து விரைந்து ஆழத்துக்குப் போக மிதவை தடையாகிறது. நீண்ட வாய்த்தகடுகளால் நீரை வடிகட்ட வாயைத் திறந்தபடி நீந்தும்போது, நண்டு, சிங்கி இறால் பொறிகளின் செங்குத்துக் கயிறுகள் வாயில் சிக்குகின்றன. இத்திமிங்கிலங்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை வாழ்நாளில் ஒருமுறையேனும் கயிற்றில் சிக்கிய வடு கொண்டவை. 2017ஆம் ஆண்டில் மட்டும் கனடா, அமெரிக்கக் கடல்களில் 17 இறப்புகள் பதிவாயின. எஞ்சியிருப்பவை 400க்கும் குறைவு.

இது உடலின் தலைவிதியா என்று சோதிக்க இயற்கையே ஓர் ஒப்பீட்டைத் தந்திருக்கிறது. தெற்கு ரைட் திமிங்கிலம் இதே பேரினம். உடலமைப்பும் மிதவையும் ஈனும் திறனும் ஏறத்தாழ ஒன்றே. அதுவும் கடும் வேட்டையால் நலிந்த இனம். ஆயினும் வேட்டை நின்றபின் தென்னாப்பிரிக்கா, அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா கரைகளில் அதன் கூட்டங்கள் பல பத்தாண்டுகள் ஆண்டுக்கு ஆறு, ஏழு விழுக்காடு பெருகின. வடக்கே இருக்கும் உறவினம் அதில் பாதி வேகத்தையும் எட்டவில்லை. வடக்கு இனத்தின் பெண் திமிங்கிலங்கள் முன்பு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஈன்றன, இப்போது இடைவெளி ஏழு, எட்டு ஆண்டுகளுக்கும் மேல் நீள்கிறது. கயிற்றை இழுத்துக்கொண்டு மாதக்கணக்கில் நீந்தும் உடலில் கருவைத் தாங்கும் கொழுப்பு மிஞ்சுவதில்லை என்பது இதற்கான முக்கிய விளக்கங்களுள் ஒன்று. 2021இல் வெளிவந்த ஆய்வு, இன்றைய திமிங்கிலங்கள் 1980களில் பிறந்தவற்றைவிட ஏறத்தாழ ஒரு மீட்டர் குட்டையாக வளர்வதைக் காட்டியது. மெதுவாக ஈனுவது இயல்பான பண்பு என்று பட்டியலில் எழுதுகிறோம். அந்தப் பண்பையே மனிதச் செயல் இன்னும் மெதுவாக்கியிருக்கிறது.

தீர்வின் திசையும் இங்கே தெளிவு. கப்பல் மோதல்களை ஆராய்ந்த வாண்டர்லானும் டாகார்ட்டும் 2007இல் காட்டியபடி, மணிக்கு 15 கடல்மைல் வேகத்தில் மோதினால் திமிங்கிலம் சாகும் வாய்ப்பு ஏறத்தாழ 80 விழுக்காடு. எட்டரைக் கடல்மைல் வேகத்தில் அது 20 விழுக்காட்டை ஒட்டிக் குறைகிறது. அமெரிக்கா 2008 முதல் குறிப்பிட்ட பருவங்களில், குறிப்பிட்ட பகுதிகளில் பெரிய கப்பல்களுக்குப் பத்துக் கடல்மைல் வேக வரம்பு விதித்தது இந்த அறிவின் அடிப்படையில்தான்.

இலங்கையின் தென்கரையிலும் இதே சிக்கல் உண்டு. அங்குள்ள நீலத் திமிங்கிலங்கள் குளிர்க்கடலுக்கு வலசை போகாமல் வெப்பக்கடலிலேயே தங்கி இரை தேடுகின்றன. ஆஷா டி வோஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதை உலகறியச் செய்தார்கள். இரை மிகுந்த அந்தக் கடல்விளிம்பை ஒட்டி, தேவேந்திரமுனைக்குத் தெற்கே, உலகின் நெரிசலான கப்பல் பாதைகளுள் ஒன்று செல்கிறது. பாதையைச் சற்றுத் தெற்கே தள்ளினால் மோதல் அபாயம் பெரிதும் குறையும் என்று ஆய்வுகள் கூறின. 2022இல் எம்எஸ்சி என்ற பெரும் கப்பல் நிறுவனம் தானாகவே தன் கப்பல்களைத் தெற்கே விலக்கியது. இடம்பெயராத பண்பைத் திமிங்கிலம் மாற்றிக்கொள்ளாது. கப்பல் தன் தடத்தை மாற்றிக்கொள்ளலாம்.

5. செவியும் கொழுப்பும்

அலகுத் திமிங்கிலங்களின் திறன் வியப்பூட்டுவது. குவியர் அலகுத் திமிங்கிலம் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை செல்வதும், ஒருமுறை 3 மணி 42 நிமிடம் மூச்சடக்கியதும் பதிவாகியுள்ளன. அந்த ஆழத்து இருளில் அது உலகை அறிவது செவியால். கொலைத்திமிங்கிலத்தின் குரல் கேட்டால் ஒலியடங்கி விலகி ஓடுவது அதன் பழைய தற்காப்பு. போர்க்கப்பல்களின் நடு அதிர்வெண் சோனார் அந்தத் தற்காப்பைத் தூண்டிவிடுகிறது. 2002 செப்டம்பரில் கனரித் தீவுகளருகே நடந்த கடற்படைப் பயிற்சியை ஒட்டி 14 அலகுத் திமிங்கிலங்கள் கரையொதுங்கின. இறந்தவற்றின் திசுக்களில் வாயுக்குமிழிகள் இருந்தன. ஆழத்துக்குப் பழகிய விலங்கு வழக்கமான மூழ்கும் ஒழுங்கைக் குலைத்துக்கொண்டு ஓடியதால், முக்குளிப்போருக்கு வரும் நோய் போன்ற ஒன்று நேர்ந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். நோயின் துல்லியமான படிநிலை குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. சோனாருக்கும் கரையொதுங்கலுக்கும் உள்ள தொடர்பு வலுவானது. 2004இல் ஸ்பெயின் அத்தீவுகளைச் சுற்றிச் சோனாரைத் தடைசெய்தபின், முன்பு திரும்பத் திரும்ப நிகழ்ந்த அத்தகைய கூட்டக் கரையொதுங்கல்கள் அங்கே நின்றன. திமிங்கிலத்தின் செவி மாறவில்லை, மனிதச் செயல் ஒன்று விலகியது.

எல்லா ஆபத்தும் இவ்வளவு எளிதில் விலகுவதில்லை. நீடித்து நிற்கும் நச்சுகள் அதற்குச் சான்று. தோலடிக் கொழுப்பு கடல் பாலூட்டிக்குப் போர்வை, உணவுக்கிடங்கு, மிதவை. மின்சாதனங்களில் ஒருகாலத்தில் பெருமளவு பயன்பட்ட பிசிபி வகை வேதிப்பொருள்கள் கொழுப்பில் கரைபவை, எளிதில் சிதையாதவை. உணவுச்சங்கிலியின் உச்சியில் வாழ்ந்து, நீண்ட ஆயுளும் பெற்ற ஓர்காக்களின் (கொலைத்திமிங்கிலங்களின்) உடலில் அவை சேர்ந்துகொண்டே போகின்றன. 2016 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் டைரீ தீவில் இறந்து ஒதுங்கிய லூலூ என்ற பெண் ஓர்காவின் கொழுப்பில், ஒரு கிலோவுக்கு 957 மில்லிகிராம் பிசிபி இருந்தது. தீங்கு தொடங்குவதாகக் கருதப்படும் அளவைப்போல் நூறு மடங்கு அது. வளர்ந்த பெண்ணாக இருந்தும் அது ஒருபோதும் ஈன்றதற்கான அடையாளம் இல்லை. ஈனும் பெண்கள் தம் நச்சின் பெரும்பகுதியைக் கொழுப்பு மிகுந்த பால்வழியே முதல் குட்டிக்குக் கடத்துகின்றன. கடலின் குளிரில் குட்டியைக் காக்கும் பாலே அதற்கு நஞ்சைக் கொண்டு சேர்க்கிறது. பல நாடுகள் பிசிபியை 1970களிலும் 80களிலும் தடைசெய்துவிட்டன. ஆனாலும் உலகின் ஓர்காக் கூட்டங்களில் பாதிக்கும் மேற்பட்டவை இதனால் நலியும் அபாயம் இருப்பதாக 2018இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது.

அதே ஆண்டு அதே இதழில் வெளியான மற்றோர் ஆய்வு, மரபணு மட்டத்தில் இன்னொரு சந்திப்பை வெளிக்கொணர்ந்தது. நிலப் பாலூட்டிகளில் பிஓஎன்1 என்ற மரபணு உருவாக்கும் நொதி, ஆர்கனோபாஸ்பேட் பூச்சிக்கொல்லிகளின் நச்சுப்பொருளை உடைக்க உதவுகிறது. திமிங்கிலங்கள், கடற்பசு வகையினம், சில கடல்நாய்கள் ஆகியவை கடலுக்கேற்பத் தகவமைந்த காலத்தில் தனித்தனியே இம்மரபணுவின் செயல்பாட்டை இழந்துள்ளன. இழந்த காலத்தில் உலகில் பூச்சிக்கொல்லி இல்லை. வயல்களிலிருந்து வழியும் நீர் கடலைச் சேரும் இன்றைய கரையோரங்களில் அந்தப் பழைய இழப்பு புதிய பொருள் கொள்கிறது. களத்தில் வாழும் விலங்குகளின் உடலில் இதன் விளைவை அளப்பது அடுத்த பணி.

6. பாக் விரிகுடாவின் ஆவுளியா

இனி மீட்சிப் பண்புகளுக்கு வருவோம். நம் கரையிலேயே அதற்கு எடுத்துக்காட்டு உண்டு. பாக் விரிகுடா, மன்னார் வளைகுடா மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் கடற்பசு, ஸ்டெல்லர் கடற்பசுவின் நெருங்கிய உறவு. எழுபது ஆண்டுக்கு மேலும் வாழக்கூடியது. கருக்காலம் 13 முதல் 15 மாதம், ஓர் ஈற்றுக்கு ஒரே குட்டி, ஈற்றுகளுக்கிடையே மூன்று முதல் ஏழு ஆண்டுகள். பெண் முதன்முதலாக ஈனப் பத்தாண்டுக்கு மேலும் ஆகலாம். ஆஸ்திரேலிய அறிஞர் ஹெலன் மார்ஷும் சகாக்களும் பல பத்தாண்டு ஆய்வில் கண்டது: எல்லாம் நன்றாக அமைந்தாலும் இவ்வினம் ஆண்டுக்கு ஐந்து விழுக்காட்டுக்கு மேல் பெருகாது. மனிதச் செயலால் ஆண்டுக்குச் சாகும் வளர்ந்த பெண்களின் பங்கு ஓரிரு விழுக்காட்டைத் தாண்டினால் எண்ணிக்கை சரியத் தொடங்கும்.

இதன் பொருளை ஒரு கணக்கில் காணலாம். இந்தியக் கடல்கள் முழுவதிலும் எஞ்சியுள்ள ஆவுளியாக்கள் சில நூறு என்றே மதிப்பிடப்படுகின்றன. ஓரிடத்தில் 200 இருப்பதாகக் கொள்வோம். பாதி பெண்கள், அவற்றில் பாதி வளர்ந்தவை என்றால் ஈனத்தக்கவை 50. ஓரிரு விழுக்காடு என்பது ஆண்டுக்கு அதிகம்போனால் ஒன்று. இரண்டாவது பெண் வலையில் மூழ்கும் ஆண்டில் இனம் தேயத் தொடங்குகிறது. எல்லை மீறிய இழப்பு மீனவர் கண்ணுக்கோ அதிகாரிகள் கண்ணுக்கோ பெரிதாகத் தெரியாது என்பதே இப்பண்பின் கொடுமை. ஆண்டுக்கு இரண்டு சடலங்கள் செய்தியாவதுகூட அரிது.

மீட்சிப் பண்பு இவ்வளவு குறுகிய எல்லை வகுத்திருக்க, சந்திப்புப் பண்புகள் ஆவுளியாவைக் கரையோடு கட்டிப்போடுகின்றன. அது கடற்புல்லை மேய்வது. கடற்புல் சூரிய ஒளி எட்டும் ஆழமற்ற தெளிந்த நீரில் வளர்வது. பாக் விரிகுடாவின் அந்த ஆழமற்ற பரப்பிலேதான் நாட்டுப்படகுகளின் வலைகளும் விசைப்படகுகளின் இழுவை மடிகளும் இயங்குகின்றன. பெரிய கண்ணி கொண்ட திருக்கை வலை ஆவுளியாவைப் பிடித்து மூழ்கடிக்கிறது. அடித்தளத்தை வாரிச் செல்லும் மடி அதன் மேய்ச்சல் நிலத்தைப் பெயர்க்கிறது. முன்னது விலங்கைக் கொல்கிறது, பின்னது பசியால் ஈற்று இடைவெளியை நீட்டுகிறது. எனவே இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆவுளியா என்ற உடலே அழிவுக்கு விதிக்கப்பட்டது என்று சொல்ல இடமில்லை. ஆஸ்திரேலியாவுக்கும் பப்புவா நியூ கினிக்கும் இடைப்பட்ட டோரஸ் நீரிணையில் இதே இனம் உலகிலேயே பெருங்கூட்டமாக வாழ்கிறது. அங்குள்ள தொல்குடிகள் நெடுங்காலமாக அதை வேட்டையாடி உண்டும் வருகிறார்கள். பரந்த கடற்புல் வெளியும் குறைந்த வலை நெருக்கடியும் அதைத் தாங்கியுள்ளன. சீனக் கடலிலோ, செயலளவில் இவ்வினம் அற்றுப்போய்விட்டதாக 2022இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். உடல் ஒன்று, முடிவு இரண்டு.

அதே 2022இல் தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டரில் நாட்டின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகத்தை அறிவித்தது. வலையில் சிக்கிய ஆவுளியாவை உயிரோடு விடுவித்த மீனவர்களுக்கு வனத்துறை பாராட்டும் ஊக்கத்தொகையும் அளித்து வருகிறது. மேற்சொன்ன கணக்கின்படி இந்த விடுவிப்பு ஒவ்வொன்றுக்கும் உள்ள மதிப்பு மிகப் பெரிது. ஒரு வளர்ந்த பெண் ஆவுளியாவை வலையறுத்து விடுவிக்கும் கத்தி, ஓராண்டின் தாங்கும் எல்லையைக் காப்பாற்றுகிறது. கிழிந்த வலைக்கான முழு இழப்பீடு தாமதமின்றிக் கிடைத்தால்தான் இந்த நடைமுறை நிலைக்கும். விலங்கின் உயிரியல் விதித்த எல்லையின் செலவை நாட்டுப்படகு மீனவர் மட்டும் சுமப்பது நியாயமும் அல்ல, நடக்கக்கூடியதும் அல்ல. இழுவை மடியின் பங்கைத் தொடாமல் திருக்கை வலையை மட்டும் குற்றம் சொல்வதும் அப்படியே. விரிகுடா இரு நாடுகளுக்குப் பொது என்பதால், மன்னார், யாழ்ப்பாணக் கரைகளைச் சேர்க்காத எந்தக் கணக்கும் பாதிக் கணக்கே.

7. முடிவுரை

குட்டி ஈனும் வேகமே அபாயத்தின் முதன்மைக் குறியீடு என்ற பொதுமுடிவு, எந்த இனத்துக்கு முதலில் உதவ வேண்டும் என்று சொல்கிறது. எப்படி உதவ வேண்டும் என்பதை அது சொல்லாது. அதைச் சொல்பவை சந்திப்புப் பண்புகள். ரைட் திமிங்கிலத்துக்குக் கப்பலின் வேகமும் கயிறும், அலகுத் திமிங்கிலத்துக்குச் சோனார், ஓர்காவுக்கு நிலத்திலிருந்து வரும் வேதிப்பொருள், ஆவுளியாவுக்கு வலையின் கண்ணியும் கடற்புல்லும். தெற்கு ரைட் திமிங்கிலம், கனரித் தீவுகள், டோரஸ் நீரிணை ஆகிய மூன்று ஒப்பீடுகளும் ஒன்றையே உறுதிசெய்கின்றன: ஆபத்து விலகிய இடத்திலோ, குறைவாக இருந்த இடத்திலோ, அதே உடல் வாழ்ந்து காட்டியிருக்கிறது.

எனவே பாதுகாப்பு ஆய்வு தன் கேள்வியைக் கூர்மையாக்கிக்கொள்ள வேண்டும். கரையொதுங்கும் ஒவ்வோர் ஆவுளியாவின் பாலினமும் வயதும், அது சிக்கிய வலையின் வகையும் கண்ணி அளவும், இடமும் ஆழமும் பதிவாக வேண்டும். ஆண்டில் இத்தனை இறப்பு என்ற வெற்று எண், ஆண்டுக்கு ஒரு பெண் என்ற எல்லையில் நிற்கும் இனத்துக்குப் பயன்படாது. அந்தப் பதிவை முதலில் தரக்கூடியவர் கடலில் இருக்கும் மீனவர். அவரைக் குற்றவாளியாக்கும் நடைமுறை, அறிவையும் விலங்கையும் சேர்த்தே இழக்கச் செய்யும். ஓரினம் மெதுவாகப் பிறப்பது அதன் இயல்பு. அந்த மெதுவுக்கு இடம்கொடுத்து நம் வலையையும் வேகத்தையும் ஒழுங்குபடுத்துவது நம் கடமை. அதை நிறைவேற்றாமல் அழிவுக்கு விலங்கின் உடலைக் காரணம் காட்டுவதை அறிவியல் ஆதரிக்கவில்லை.